மஞ்சள் சன்மைக்கா

சென்ற இதழில் முழங்கால் வலியைப் பற்றி எழுதியிருந்தேன் அல்லவா? அதற்கு வந்த கடிதங்களில் ஒரு சகோதரி கடைசி வரியில் ஒரு கேள்வி போட்டிருந்தார். “ஊருக்கெல்லாம் புத்தி சொல்கிறீர்கள். உங்கள் மருமகளிடம் நீங்கள் எப்படி?”

சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் கேள்வி நியாயமானது. ஆகவே இந்தத் தடவை அதற்கே பதில் சொல்லிவிடுகிறேன். என் பதில் சமையலறையில் ஆரம்பித்து, அமெரிக்காவுக்கு ஒரு நடை போய்விட்டு, மறுபடி சமையலறைக்கே வந்து சேரும். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2016-ல் என் மகன் சென்னையில் ஒரு ஃபிளாட் வாங்கினான். இவர் காலமான பிறகு திருச்சியில் தனியாக இருந்த நானும் அவர்களோடு வந்துவிட்டேன். சமையலறைக்கும் ஹாலுக்கும் அலமாரி அடிக்கக் கார்பென்டர் வந்திருந்தார். கையில் கனமான சன்மைக்கா கேட்லாக். என் மருமகள் தரையில் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொரு துண்டாகத் தடவிப் பார்த்தாள். கடைசியில் இரண்டை எடுத்து என்னிடம் நீட்டினாள். ஒன்று, பளீரென்று எலுமிச்சம்பழ மஞ்சள். இன்னொன்று, வெள்ளையில் கறுப்புக் கறுப்பாக நெளிகோடுகள். கம்பளிப்பூச்சிகள் ஊர்வலம் போகிற மாதிரி!

“கதவெல்லாம் மஞ்சள், டிராயர் மட்டும் இது. எப்படி இருக்கு அத்தை?”

நான் என்ன சொன்னேன் தெரியுமா? அந்தக் கார்பென்டர் எதிரிலேயே சொன்னேன். “இது என்ன வீடா, சர்க்கஸ் கூடாரமா? வர்றவங்க பார்த்தா சிரிப்பாங்க.”

“சிரிக்கட்டுமே அத்தை. உள்ளே நுழையறப்போ யாருக்காவது சிரிப்பு வரட்டுமேன்னுதான்…”

நான் முடிக்க விடவில்லை. “தேக்குக் கலர்ல போடும்மா. அதுதான் கௌரவம்.”

அவள் கேட்லாகை மெதுவாக மூடினாள். “அத்தை சொல்றதையே போட்டுடுங்கண்ணே” என்று கார்பென்டரிடம் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள். சண்டையும் இல்லை, முணுமுணுப்பும் இல்லை. அடக்கமான பெண் என்று நான் மனசுக்குள் மெச்சிக்கொண்டேன்.

இதுவரை நான் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. அதற்கு இரண்டு மாதம் முன்புதான் அவளுக்கு நாலாவது மாசத்தில் கலைந்துபோயிருந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்து வந்தபின் அவளுக்கு வேண்டியதையெல்லாம் நான்தான் செய்தேன். பூண்டு ரசம், உளுந்தங்களி, முருங்கைக்கீரைப் பொரியல், வேளாவேளைக்கு இரும்புச்சத்து மாத்திரை. உடம்புக்குச் செய்யவேண்டியதில் ஒரு குறை வைக்கவில்லை. ஆனால் ‘யாருக்காவது சிரிப்பு வரட்டுமே’ என்றாளே, அந்த ‘யாருக்காவது’ என்பது யார் என்று எனக்கு உறைக்கவே இல்லை.

உறைப்பதற்கு நான் பதினைந்து மணி நேரத்துக்கு மேல் விமானத்தில் போகவேண்டியிருந்தது.

*

2017 ஆகஸ்ட் மாதம் நியூஜெர்சியில் மகள் வீட்டில் இருந்தேன். பேரனுக்கு நாலு வயசு. ஒரு சனிக்கிழமை, “அம்மா, நியூயார்க்ல ஒரு எக்ஸிபிஷன். கிளம்பு” என்றாள் மகள். கோயில் என்றால் சரி, கடை என்றாலும் சரி. இதுவோ மாடர்ன் டிசைன் எக்ஸிபிஷனாம்! மாடர்ன் ஆர்ட் என்றால் அதுவரை எனக்குத் தெரிந்ததெல்லாம் பத்திரிகை ஜோக்குதான். படத்தைத் தலைகீழாக மாட்டியிருப்பார்கள், ஓவியருக்கே தெரியாது; அந்த மாதிரி ஜோக். “புரியாததைப் பார்த்து என்னடி பண்றது?” என்றேன். “புரிய வேண்டாம். பார்த்தாப் போதும்” என்று இழுத்துக்கொண்டு போய்விட்டாள். புடவைக்குக் கீழே ஸ்போர்ட்ஸ் ஷூவும் சாக்ஸுமாக நான் மாடிசன் அவென்யூவில் நடந்த அழகை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்!

நியூயார்க்கின் பெரிய மெட்ரோபாலிடன் மியூசியத்துக்கு அப்போது அங்கே ‘மெட் ப்ராயர்’ என்று ஒரு கிளை இருந்தது. 2020-ல் அதை மூடிவிட்டார்கள். நாங்கள் போனபோது அங்கே ஒரு இத்தாலியரின் நூற்றாண்டுக் கண்காட்சி நடந்துகொண்டிருந்தது. எத்தோரே ஸொத்ஸாஸ் என்று பெயர். 1917-ல் பிறந்து 2007 டிசம்பர் 31-ல் காலமானவர். கட்டடக் கலை படித்தவர். நாற்காலி, மேஜை, மண்பாண்டம், கண்ணாடிச் சாமான், கம்ப்யூட்டர் என்று அவர் கை வைக்காததே இல்லை. அவர் செய்த சாமான்களைத் தனியாக வைக்காமல், மியூசியத்தில் இருந்த பழங்காலப் பொருள்கள் சிலவற்றோடு பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தார்கள்.

சும்மா ஒப்புக்குப் பார்த்துக்கொண்டே வந்தவள், ஓர் இடத்தில் அப்படியே நின்றுவிட்டேன்.

டைப்ரைட்டர். அதுவும் சிவப்பு டைப்ரைட்டர்!

அரக்குச் சிவப்பு அல்ல, செங்கல் சிவப்பு அல்ல. பொம்மைக் கடையில் குழந்தை அடம்பிடித்து வாங்குகிற காரின் சிவப்பு. ரிப்பன் உருளைகளின் மூடி மட்டும் ஆரஞ்சு நிறம். அதை உள்ளே தள்ளி எடுத்துப் போக அதே சிவப்பில் ஒரு பெட்டி. ‘வாலன்டைன்’ என்று பெயராம். ஸொத்ஸாஸும் பெர்ரி கிங் என்கிற ஆங்கிலேயரும் சேர்ந்து ஒலிவெட்டி கம்பெனிக்காக உருவாக்கி, 1969 பிப்ரவரி 14-ல், காதலர் தினத்தன்று வெளியிட்டார்களாம்.

1969! எனக்கு உடம்பு சிலிர்த்தது. பி.யு.சி. முடித்துவிட்டு நான் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் சேர்ந்த வருஷம் அது. லோயர், ஹையர் என்று இரண்டு பரீட்சையும் பாஸ் செய்து, பிறகு முப்பது வருஷத்துக்கு மேல் திருச்சியில் ஓர் அலுவலகத்தில் டைப்பிஸ்டாக இருந்தவள் நான். என் விரல் பட்ட மெஷின்களெல்லாம் கறுப்பு, இல்லாவிட்டால் சாம்பல். அதில் சிவப்பு என்று ஒன்று பார்த்திருக்கிறேன் என்றால், வருஷத்துக்கு ஒருநாள் ஆயுத பூஜையன்று நாங்கள் வைக்கிற குங்குமப் பொட்டுதான். மறுநாள் அதையும் துடைத்துவிடுவோம்.

“ஆபீஸ் வேலை ஞாபகமே வராத மெஷினா இருக்கணும்னு நினைச்சாராம் அம்மா. ஞாயித்துக்கிழமை சும்மா உட்கார்ந்து கவிதை எழுதறவங்களுக்குத் துணையா இருக்கட்டும்னு” என்றாள் மகள்.

நான் பதில் பேசவில்லை. முப்பது வருஷத்தில் எத்தனையோ ஆயிரம் கடிதம் அடித்திருக்கிறேன். அதில் ஒன்றுகூட என்னுடையது இல்லை. எல்லாம் ‘தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றது’தான்.

அடுத்த ஹாலில் இன்னொரு வேடிக்கை. ஆறரை அடி உயரம், கிட்டத்தட்ட அதே அகலத்துக்கு ஒரு புத்தக அலமாரி. 1981-ல் செய்தது, ‘கார்ல்டன்’ என்று பெயர். சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம் என்று பலகைக்கு ஒரு நிறம். பக்கவாட்டுப் பலகைகள் நேராக நிற்காமல் இரண்டு பக்கமும் சாய்ந்து நிற்கின்றன. புத்தகம் வைத்தால் அதுவும் சாய்ந்துகொள்ளும். உச்சியில் பார்த்தால் கையைத் தூக்கிக்கொண்டு ஒரு மனுஷன் நிற்கிற மாதிரி இருக்கிறது. எனக்கு என்னையும் அறியாமல் சிரிப்பு வந்துவிட்டது. பேரன் அதைப் பார்த்த உடனே தானும் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு எதிரே நின்றான்!

“இது எந்த மரம்டி?”

“மரமா? உள்ளே அட்டை மாதிரி அழுத்தின மரத்தூள் பலகை. மேலே ஒட்டியிருக்கிறது பிளாஸ்டிக் லாமினேட். நம்ம சன்மைக்காதான் அம்மா!”

என் சிரிப்பு அங்கேயே நின்றுபோயிற்று.

*

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. மகள் வாங்கி வந்த தடிமனான புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன். எனக்குப் புரியாத இடத்தில் அவளை எழுப்பிக் கேட்டேன். நான் தெரிந்துகொண்டதை உங்களுக்கும் சொல்கிறேன்.

சன்மைக்கா என்று நாம் வாய்ப்பழக்கமாகச் சொல்கிறோமே, அது அடிப்படையில் காகிதம். தாள் தாளாகப் பிசினில் ஊறவைத்து, அடுக்கி, சூட்டில் பலமாக அழுத்தினால் கெட்டித் தகடாகிவிடும். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு அச்சடித்த தாள்; அதுதான் நம் கண்ணுக்குத் தெரிகிற நிறமும் டிசைனும். அமெரிக்காவில் 1912-ல் இரண்டு என்ஜினீயர்கள் இதைக் கண்டுபிடித்தார்கள். மின்சாரச் சாமான்களில் அதுவரை மைக்காவை உபயோகித்து வந்தார்கள். அந்த மைக்காவுக்குப் பதிலாக வந்ததால் அதற்கு ‘ஃபார்மைக்கா’ என்று பெயர் வைத்தார்கள். நம் ஊர் ‘சன்மைக்கா’விலும் அந்த மைக்கா ஒட்டிக்கொண்டிருக்கிறது, பாருங்கள்!

அப்படியானால், நான் ‘கௌரவம்’ என்று சொல்லிப் போடவைத்த தேக்குக் கலர் என்ன? தேக்கை அச்சடித்த காகிதம்! மரம் மாதிரி வேஷம் போட்ட காகிதத்தைக் கௌரவம் என்று சொல்லி, ‘நான் மஞ்சள்தான்’ என்று உள்ளதைச் சொன்ன காகிதத்தைச் சர்க்கஸ் என்று சொல்லியிருக்கிறேன்.

ஸொத்ஸாஸும் அவருடைய சிநேகிதர்களும் இதைத்தான் பிடித்துக்கொண்டார்கள். அவர்கள் ஊரிலும் லாமினேட் என்றால் மட்டம்தான். காப்பிக் கடை மேஜைக்கும் சமையலறைக்கும்தான் அது, வரவேற்பறைக்குள் வரக்கூடாது. 1980 டிசம்பரில் ஒருநாள் ராத்திரி, மிலான் நகரில் அவர் வீட்டில் சில இளைஞர்கள் கூடியிருந்தார்கள். பாப் டிலனின் பாட்டு இசைத்தட்டில் ஓடிக்கொண்டிருந்தது. ‘மெம்ஃபிஸ்’ என்ற ஊர்ப்பெயர் வருகிற பாட்டு அது. தட்டு அந்த இடத்தில் சிக்கிக்கொண்டு திரும்பத் திரும்ப அதையே பாட, தங்கள் குழுவுக்கு அதையே பெயராக வைத்துவிட்டார்கள்! 1981 செப்டம்பரில் முதல் கண்காட்சி. தெருவில் கூட்டம் தாங்கவில்லையாம். குத்துச்சண்டை மேடை மாதிரி ஒரு கட்டில்கூட அதில் இருந்தது. மசநோரி உமெதா என்ற ஜப்பானியர் செய்தது.

அந்தக் குழுவில் பெண்களும் இருந்தார்கள். மார்ட்டின் பெதாங் என்ற பிரெஞ்சுப் பெண்ணுக்கு அப்போது இருபத்து நாலு வயசுகூட இருக்காது. அரைவட்டமாக ஒரு நீல விளக்கு செய்தாள். மேலே வரிசையாக வண்ண பல்புகள், கீழே நாலு சக்கரம். கயிற்றைப் பிடித்து இழுக்கிற மாதிரி ஒயரைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகலாம். மறுநாள் காலையில் அந்தப் படத்தைப் பேரனிடம் காட்டினேன். “பாட்டி, நாய்க்குட்டி!” என்றான், ஒரு நொடிகூட யோசிக்காமல். ‘புரியாது, புரியாது’ என்று நான் முரண்டு பிடித்தது நாலு வயசுக் குழந்தைக்குப் புரிந்துவிட்டது.

ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும். ஏழை வீட்டு சன்மைக்காவை எடுத்தார்களே தவிர, அவர்கள் செய்த சாமான்கள் ஏழை வாங்குகிற விலையில் இல்லை. வசதியானவர்களும் மியூசியங்களும்தான் வாங்கினார்கள். கேலி செய்தவர்களும் நிறையப் பேர். 1985-லேயே ஸொத்ஸாஸ் குழுவை விட்டு விலகிவிட்டார். எண்பதுகள் முடிவதற்குள் குழுவே கலைந்துவிட்டது.

இதையெல்லாம் படித்துக்கொண்டே வந்தவள், ஒரு பக்கத்தைத் திருப்பியதும் திடுக்கிட்டேன். அதே கம்பளிப்பூச்சி! வெள்ளையில் கறுப்பு நெளிகோடுகள். 1978-ல் ஸொத்ஸாஸ் ஒரு லாமினேட் கம்பெனிக்காக வரைந்த டிசைன். ‘பாக்டீரியோ’ என்று பெயர். என் மருமகள் எடுத்துக் காட்டியது அதற்கு ஒன்றுவிட்ட தங்கை என்றே சொல்லலாம்.

ஆனால் என்னை உலுக்கியது அந்தப் பக்கம் இல்லை. வேறொன்று.

ஸொத்ஸாஸ் 1961-ல் மனைவியோடு நம் இந்தியாவுக்கு வந்திருக்கிறார். பார்த்ததெல்லாம் அவர் மனசில் ஆழமாகப் பதிந்துவிட்டது. ஊர் திரும்பியபின் சிறுநீரகக் கோளாறு. பிழைப்பதே சந்தேகம் என்ற நிலையில் 1962-ல் கலிபோர்னியாவில் ஓர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். அந்தப் படுக்கையில் இருந்துகொண்டே மனைவி பெர்னாண்டா பிவானோவும் அவரும் சேர்ந்து, அறை நம்பரையே தலைப்பாகப் போட்டு ஒரு குட்டிப் பத்திரிகை தயாரித்து சிநேகிதர்களுக்கு அனுப்பியிருக்கிறார்கள்! உடம்பு தேறி வந்தபின், 1963-ல் இருண்ட நிறத்தில் மண்பாண்டங்கள் செய்தார். அதற்கு ‘இருட்டின் பாண்டங்கள்’ என்கிற பொருளில் பெயர். மறு வருஷம், 1964-ல், வட்டமும் எளிய குறிகளுமாக மண்தட்டுகள் செய்தார். அவற்றுக்கு அவர் வைத்த பெயர் ‘சிவனுக்குக் காணிக்கை’.

சிவப்பு டைப்ரைட்டரும், கையைத் தூக்கி நிற்கிற அலமாரியும், நாய்க்குட்டி விளக்கை வரவேற்ற அந்தக் குழுவும் அதற்கெல்லாம் பிறகு வந்தவை.

நான் இத்தனை நாளும் என்ன நினைத்திருந்தேன் என்றால், விளையாட்டுத்தனமும் பளிச்சென்ற நிறமும் கவலை இல்லாதவர்களுக்கு உரியவை. துக்கப்பட்டவர்கள் மங்கலாக இருப்பதுதான் அழகு என்று. சாவின் வாசல்வரை போய் வந்த மனுஷன், முதலில் இருட்டைச் செய்து தீர்த்துவிட்டு, பிறகு சிவப்பையும் மஞ்சளையும் கையில் எடுத்திருக்கிறார். துக்கம் தெரியாததால் அல்ல, தெரிந்ததால்.

அந்த ராத்திரியில்தான் எனக்கு என் மருமகளின் முகம் கண்ணில் வந்தது. கேட்லாகை மூடின அந்தக் கை.

எனக்கும் 1974-ல் ஒன்று கலைந்திருக்கிறது. இதை இந்தப் பத்தியில் நான் இதுவரை எழுதியதில்லை. என் மாமியார் கஷாயம் கொடுத்தார். “எல்லாம் சரியாயிடும்” என்றார். மூன்றாவது வாரம் ஆபீஸ் போய் ரெக்ஸின் உறையை எடுத்துவிட்டுக் கறுப்பு மெஷினின் முன்னால் உட்கார்ந்தேன். அதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் பேசவில்லை. எனக்குக் கிடைத்த அதே கஷாயத்தையும் அதே மௌனத்தையும்தான் நான் என் மருமகளுக்கும் கொடுத்திருக்கிறேன். அவள் மட்டும் ஒரு மஞ்சளைக் கேட்டாள்.

*

அக்டோபரில் சென்னை திரும்பினேன். வந்த நாலாம் நாள், மகன் ஆபீஸ் போனபின், காப்பி டம்ளரோடு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். மாமியார் மன்னிப்புக் கேட்பது அவ்வளவு சுலபமான காரியமில்லை, சகோதரிகளே! நாலைந்து வார்த்தை வேறு எதையோ பேசிவிட்டு, “அந்த மஞ்சள் சன்மைக்காவை இப்போ போட்டுடலாமா? என்கிட்டே பென்ஷன் பணம் இருக்கு” என்றேன்.

அவள் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அவள் காப்பியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“வேண்டாம் அத்தை. இப்போ போட்டா அது வெறும் அலமாரிதான்.”

“அப்போ?”

“அப்போ எனக்கு வேற எதுவும் கையில இல்லை. அதாவது இருக்கட்டும்னு நினைச்சேன்.”

எனக்கு வாய் அடைத்துவிட்டது. பிறகு, 1974-ஐப் பற்றிச் சொன்னேன். யாரிடமும் சொல்லாததைச் சொன்னேன். அவள் அழுதாள். ஒரு வருஷத்துக்குப் பிறகு அன்றுதான் அவள் அழுது பார்த்தேன். நானும்தான். ஆறின காப்பியைக் கொட்டிவிட்டு அவளே புதுசாகப் போட்டுக்கொண்டு வந்தாள்.

பொங்கலுக்கு வீடு சுத்தம் செய்தபோது, ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். பக்கம் பக்கமாக அலமாரி, டிராயர், ஸ்டூல். எல்லாம் அவள் கலர் பென்சிலால் போட்டது. ஒரு பக்கத்தில் நெளிகோடுகள் இருந்தன. உற்றுப் பார்த்தேன். கம்பளிப்பூச்சி இல்லை, புள்ளி வைத்து வளைத்த சிக்குக் கோலம், நடு நடுவே அறுத்துவிட்டு, துண்டு துண்டாகச் சிதறவிட்டது.

“இது உங்க கோலம்தான் அத்தை. தினம் வாசல்ல பார்க்கிறேனே” என்றாள்.

ஆயுசு முழுக்கக் கோலம் போடுகிறேன். ஒருநாளாவது யாராவது வந்து, ‘இந்தக் கோலத்துக்கு என்ன அர்த்தம்?’ என்று கேட்டிருக்கிறார்களா? நானாவது கேட்டுக்கொண்டேனா? கோடு வளைந்து போய்ப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தால் சந்தோஷம், அவ்வளவுதானே? அப்படிப்பட்ட நான் போய், மாடர்ன் ஆர்ட்டைப் பார்த்து ‘அர்த்தம் என்ன?’ என்று அதட்டிக்கொண்டிருந்தேன்.

முழு வீட்டையும் மாற்றவில்லை. ஹாலில் தேக்குக் கலர் அப்படியே இருக்கிறது. சமையலறையில் மளிகைச் சாமான் வைக்கிற அலமாரிக்கு மட்டும் மஞ்சள் கதவு; டிராயர் மூன்றுக்கும் கம்பளிப்பூச்சி. அதே கார்பென்டர்தான் வந்தார். பழைய தகட்டைச் சுரண்டிச் சொரசொரப்பாக்கி, பசை தடவி, புதுத் தகட்டை அழுத்தி ஒட்டிவிட்டு என்னைப் பார்த்து விஷமமாகச் சிரித்தார்.

“என்ன பெரியம்மா, சர்க்கஸ் வந்துடுச்சா?”

“வந்துடுச்சு தம்பி. நான்தான் கோமாளி” என்றேன். உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது.

‘அப்புறம் குழந்தை பிறந்ததா?’ என்றுதானே கேட்க வருகிறீர்கள்? அதை நான் எழுதப் போவதில்லை. அது என் மருமகளின் சேதி; சொல்லவேண்டுமானால் அவள் சொல்லட்டும். அலமாரியின் சேதி மட்டும்தான் என்னுடையது.

இதைப் படித்துவிட்டு யாராவது வீட்டில் நிறம் மாற்றிப் பார்க்க நினைத்தால், என் அனுபவத்தில் சில வார்த்தை. முதலிலேயே பெரிய சுவரில் கை வைக்காதீர்கள். ஒரு டிராயர், ஒரு ஸ்டூல், அலமாரிக் கதவின் உள்பக்கம் என்று சின்னதாக ஆரம்பியுங்கள். கடையில் மாதிரித் துண்டு கேட்டு வாங்கி, பகல் வெளிச்சத்திலும் டியூப்லைட்டிலும் நாலு நாள் வைத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். அழுத்தமான நிறத்தில் எண்ணெய்க் கையும் கீறலும் சீக்கிரம் தெரியும். ஈரத்துணியால் அன்றாடம் துடைத்துவிட வேண்டியதுதான். அருகில் எங்கேயாவது ஓவியக் கண்காட்சி நடந்தால், ‘நமக்கென்ன தெரியும்’ என்று வாசலோடு திரும்பிவிடாதீர்கள். உள்ளே போய் ஒரே ஒரு படத்தின் முன்னால் ஐந்து நிமிஷம் நில்லுங்கள். கூட ஒரு குழந்தையையும் அழைத்துப் போங்கள். அது சொல்லும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டில் யாராவது ஒரு நிறத்தைக் காட்டி “எப்படி இருக்கு?” என்று கேட்டால், பதில் சொல்வதற்கு முன் அவர்கள் முகத்தை ஒருதரம் பார்த்துவிடுங்கள்.

கடிதம் எழுதிய சகோதரிக்கு: நான் என் மருமகளிடம் எப்படி என்றுதானே கேட்டீர்கள்? இப்போது கொஞ்சம் தேவலை என்றுதான் நினைக்கிறேன். அவளையும் ஒரு வார்த்தை கேட்டேன். “அடுத்த இதழுக்கு நான் எழுதறேன் அத்தை, பயப்படாதீங்க” என்கிறாள்!